திருப்பி அனுப்பிய தபால்

அந்த ஐப்பசியில் வெயிலே அடிக்கவில்லை. கல்லிடைக்குறிச்சியில் வெயில் இல்லையென்றால் அப்பளம் காயாது. அப்பளம் காயாவிட்டால் என் கையில் காசு கிடையாது. உளுந்துக்காக வள்ளியூர் அண்ணாச்சிக்கு நான் கொடுத்திருந்த செக், பணமில்லாமல் திரும்பிவிட்டது. அவர் போனில் கூப்பிடக் கூப்பிட நான் எடுக்கவே இல்லை. பயம்தான்.

வக்கீல் நோட்டீஸ் பதிவுத்தபாலில் வந்தது. தபால்காரர் தெரிந்தவர். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்க, மனைவி அவரிடம், “அவுக ஊர்ல இல்ல, திருப்பி அனுப்பிருங்க” என்றாள். கையெழுத்துப் போட்டு வாங்கினால்தானே வழக்கு! பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பத்தாம் நாள் ஒரு கடையிலிருந்து பாக்கி வந்தது. அண்ணாச்சி கடனில் பாதிக்கு மேல் அடைத்திருக்கலாம். நான் அதில் அப்பளம் உலர்த்த ஒரு மெஷின் வாங்கிப் போட்டேன்.

பிறகு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. என் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

“விலாசம் சரியா இருந்தா, வாங்காட்டாலும் வாங்குன கணக்குதான் வே. பதினஞ்சு நாளுக்குள்ள பணத்தக் கட்டியிருந்தா கேஸே கிடையாது. இப்ப ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள போடலாம். செக்குத் தொகைல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம் போடலாம்.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டாலே அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

வள்ளியூர் கோர்ட்டில் ஒரே ஒரு நம்பிக்கை பாக்கியிருந்தது. “கவருக்குள்ள வெறுந்தாள வச்சு அனுப்பிட்டுக் கேஸ் போடுத ஆளும் உண்டு. பிரிக்கச் சொல்லுவோம்” என்றார் வக்கீல். ஒட்டியபடியே திரும்பிப் போயிருந்த அந்தக் கவரை எல்லார் முன்னாலும் கத்தரித்தார்கள். வெறுந்தாளாக இருக்க வேண்டும் என்று நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

நோட்டீஸ் இருந்தது. கூடவே மடித்த துண்டுச் சீட்டு ஒன்று, அண்ணாச்சி கைப்பட எழுதியது: ‘போன எடுக்க மாட்டுக்க. வக்கீலு முழுத் தொகையத்தான் கேட்டு எழுதுவாரு, பயப்படாத. இப்போதைக்குப் பாதியக் கொண்டா. மிச்சத்த மழ விட்டதும் பாத்துக்கிடுவோம்.’

வெளியே வராந்தாவில் அவர் முன்னால் போய் நின்றேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அண்ணாச்சி, அந்தப் பாதி...”

“அது அப்போ சொன்னது, லே” என்றார். “இப்ப முழுசும் வேணும். வக்கீலுக்குக் கொடுத்ததும் சேத்து.”