பொசித்திரன் கண்ட தோள்கள்

நான் பௌதிகவியல் ரீச்சர். இலத்திரனின் எதிர்த்துகளான பொசித்திரனைப் பற்றி எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது என் கணவரின் உடம்புக்குள் போகுமென்று கனவிலும் நினைத்ததில்லை.

அவருடைய கழுத்தில் வந்த புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடிந்திருந்தது. அந்த மாதங்களில் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கக்கூட அவருக்குப் பெலன் இருக்கவில்லை. நோய் முற்றாகப் போய்விட்டதா என்று பார்க்கக் கொழும்பில் ஸ்கான். ஸ்கானுக்கு முதல் நாள் உடம்பை வருத்தும் வேலை எதுவும் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

“ஓமப்பா. மயிலிட்டிக் கரையிலை சும்மா காத்து வாங்கிட்டு வாறன்” என்று போனார். கடற்றொழில் செய்தவர், கடலைப் பாராமல் இருக்கமாட்டார்.

கொழும்பில் கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அவரைத் தனியறையில் படுக்கவைத்தார்கள். நான் வெளியே வாங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கண் செருகியது. புற்றுநோயைப் போலச் சர்க்கரைக்குப் பசித்த இடமெல்லாம் அது போய்ச் சேரும். அங்கே ஒரு பொசித்திரன் பிறந்து, பக்கத்து இலத்திரனைச் சந்திக்கும். இரண்டும் இல்லாமற்போகும், இரண்டு கதிர்கள் எதிரெதிரே புறப்படும். அரைத்தூக்கத்தில் அவருடைய உடம்பு இருண்ட கடலாகவும், அந்த ஒளிகள் தூரத்து வள்ளங்களின் லாம்புகளாகவும் தெரிந்தன. கழுத்துப் பக்கம் ஒரு லாம்பும் எரியக்கூடாது கடவுளே என்று கிடந்தேன்.

மறுநாள் டொக்டர் திரையைத் திருப்பினார். இரண்டு தோள்களும் பளிச்சென்று ஒளிர்ந்தன. ஐயோ! அங்கேயும் பரவிவிட்டதோ?

“ஸ்கானுக்கு முதல் நாள் பாரமான வேலை ஏதும் செய்தீங்களோ?”

கணவர் நிலத்தைப் பார்த்தார். “வள்ளமொண்டு கரைக்கு வந்தது, டொக்டர். எங்கடை ஊரிலை வள்ளம் மணலைத் தொட்டால், கரையிலை நிக்கிறவன் ஆரெண்டாலும் கை குடுக்கவேணும். பாத்துக்கொண்டு நிக்க ஏலுமே?”

டொக்டர் சிரித்தார். “அப்ப இது வேலை செய்த தசைதான். சர்க்கரையை அது எடுத்திட்டுது. கழுத்தைப் பாருங்கோ, ஒண்டுமில்லை.”

கழுத்து இருட்டாயிருந்தது.

வெளியே வந்ததும் பிடித்தேன் ஒரு பிடி. “உங்களுக்கு விசரே? நான் செத்துப் பிழைச்சன்!” அவர் முன்னால் நடந்தார். ஏசிக்கொண்டே போனவள் படியில் நின்றுவிட்டேன்.

“இழுக்க ஏலுமாயிருந்ததோ?”

“ஓமப்பா. நான் பிடிக்க, வள்ளம் ஏறிச்சு.”

ஆட்கள் பார்க்கப் பார்க்க, அந்தத் தோளில் முகத்தை வைத்து அழுதேன்.