குன்றின் மேலிருந்து பார்த்த மேகம்

நார்த்தாமலைப் பக்கம் ஒரு குன்றில், வழுக்கிவிடுமோ என்று பயந்து பயந்து விடியற்காலையில் ஏறினேன். கீழே ஊரெல்லாம் வெள்ளையில் மூழ்கிக் கிடந்தது. மேகக் கடல் என்று எழுதி, படத்தை உடனே போனிலிருந்து இணையத்தில் போட்டேன்.

உச்சியில் ஒருவர், இமை வரைக்கும் சாம்பல் பூத்த முகத்தோடு, மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கொடைக்கானல் மாதிரியே இருக்குல்லங்க?" என்றேன்.

"அது கல்லுடைக்கிற கிரஷர் தூசிங்க. அதுக்குள்ளதான் எங்க வீடு. இவளுக்கு மூச்சு முட்டுது. தெனமும் கைத்தாங்கலா இங்கிட்டு கூட்டியாந்துருவேன்."

"மனு கொடுக்கலையா?"

"கொடுத்தேனே. பாக்க வந்த ஆபீசரும் அழகா இருக்குன்னு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாரு."

அது தூசி என்று திருத்தி எழுதத்தான் நினைக்கிறேன். கிரஷர்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், இன்றைக்கும் அது மேகமாகவே இருக்கிறது.