செல்லத்தாய் அவிழ்த்த தொட்டில்கள்

திற்பரப்பு அருவிக்குப் போகிற சாலையிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குள் ஏறினால் செல்லத்தாயின் ஓட்டு வீடு. விடியுமுன்பே அங்கே ஐந்து சேலைத் தொட்டில்கள் ஆடும். ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தூங்குகிற பிள்ளையை அப்படியே கொண்டுவந்து கிடத்திவிட்டுப் போவார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும். அங்கன்வாடியோ அதற்கெல்லாம் பிறகுதான் திறக்கும். அதுவரை பிள்ளைகளை யார் பார்ப்பது? இதைக் கேட்கத்தான் நாதி கிடையாது.

செல்லத்தாயும் இருபது வருஷம் பால் வெட்டியவள்தான். கணவன் போன பிறகு, மகன் அபிலாஷின் காலைத் துண்டால் கட்டிலோடு கட்டிவிட்டு மரத்துக்கு ஓடியவள். ஒருநாள் திரும்பி வந்தபோது துண்டு இறுகிப் பையனின் பாதம் நீலம் பாரித்திருந்தது. அவன் இன்றைக்கு துபாயில் ஜம்மென்று இருக்கிறான். ஆனாலும் அதை நினைத்தால் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. முட்டுவலி வந்து வெட்டை நிறுத்தியதும் முதல் வேலையாக உத்தரத்தில் ஒரு தொட்டில் கட்டினாள். கூலி கிடையாது. வாய் மட்டும் நீளம். மூக்கொழுக ஒரு பிள்ளை வந்தால் பெற்றவளுக்கு வண்டி வண்டியாகத் திட்டு கிடைக்கும்.

சுஜி அங்கே பிள்ளையை விடுகிறவர்களில் ஒருத்தி. குடித்துவிட்டு அடிக்கிற கணவன் அஜினை விட்டு, மகள் நந்தனாவோடு வந்து இரண்டு வீடு தள்ளி ஒற்றை அறையில் குடியிருந்தாள். தோட்டக்காரரிடம் மல்லுக்கு நின்று அவளுக்கு வெட்டுக்கு முந்நூறு மரம் வாங்கிக் கொடுத்ததே செல்லத்தாய்தான். ஆறு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு அந்த மகராசன் அஜின் குழந்தைகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்தான். ஒன்றரை வயதுப் பிள்ளையை இருட்டில் தனியே பூட்டிவிட்டுப் போகிறாளாம், பிள்ளையைத் தன்னிடம் தர வேண்டுமாம். விசாரணைக்கு அதிகாரி வருவதாகப் போன் வந்தது.

"மாமி, எனக்க பிள்ளைய கொண்டு போயிருவாவளோ?" என்று சுஜி நடுங்கினாள்.

"சவத்த விடு மக்கா, நான் இருக்கேன்லா" என்றாள் செல்லத்தாய். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் பதைப்பும் வெப்ராளமும்தான். அந்த வெப்ராளத்தில் ஒரு மடத்தனம் செய்தாள். வேலைக்குப் போகிற தாயென்றால் பிள்ளையைப் பார்க்கமாட்டாள் என்று எழுதிவிடுவார்கள் என அவளாகவே முடிவு கட்டினாள். மற்ற பெண்களை அதிகாரி வருகிற அன்று ஒருநாள் வெட்டுக்குப் போகவேண்டாம் என்றாள். ஐந்து தொட்டில்களையும் அவிழ்த்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். சுஜியைக் குளித்துப் பொட்டு வைத்து வீட்டில் இருக்கச் சொல்லி, தானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

புகார் விடியற்காலையைப் பற்றியது என்பதால் அதிகாரி லட்சுமிப்ரியா ஆறரைக்கே வந்துவிட்டாள். சின்ன வயதுதான். நந்தனாவைத் தூக்கிக் கொஞ்சினாள்.

"வேலைக்குப் போறீங்களா?"

சுஜி வாயைத் திறக்குமுன் செல்லத்தாய் முந்திக்கொண்டாள். "இல்ல மேடம். பிள்ளைய விட்டு ஒரு அடி நவுரமாட்டா."

லட்சுமிப்ரியாவின் கண் சுஜியின் விரல்களுக்குப் போனது. நகக்கண்ணில் ரப்பர் பால் கறுத்து ஒட்டியிருந்தது. "அப்போ வீட்டுக்கு அரிசி எப்படி வருது?"

சுஜி விரல்களை மடக்கிக்கொண்டாள். பேனா காகிதத்தில் ஓடியது. செல்லத்தாய் எட்டிப் பார்த்தாள். 'தாய்க்கு வருமானம் இல்லை' என்று எழுதியிருந்தது. அடிப்பாவி, குழந்தையைக் காப்பாற்றுகிறேன் என்று வந்து தன் கையாலேயே அதை அஜினிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாளே!

"மேடம், எழுதினத வெட்டுங்க! நான் சொன்னது பூரா பொய்யாக்கும். அவ வெட்டுக்குப் போறா. பிள்ள எனக்க வீட்டுலதான் கிடக்கும். வந்து பாருங்க."

கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். உள்ளே கால் வைத்ததும் நந்தனா அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி, உத்தரத்தைப் பார்த்தாள். தொட்டிலைக் காணாமல் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு குனிந்து கட்டிலுக்கடியில் கிடந்த சேலைகளுக்குள் கைவிட்டு, தன்னுடைய மஞ்சள் சேலையை மட்டும் உருவியெடுத்து, செல்லத்தாயிடம் நீட்டி, "கெட்டு, கெட்டு" என்று அதிகாரம் செய்தாள்.

லட்சுமிப்ரியா சிரித்துவிட்டாள். "இதைப் போய் ஏம்மா மறைச்சீங்க?"

"பயந்துபோனேன் மேடம்."

லட்சுமிப்ரியா எழுதியதை அடித்தாள். அடுப்படி, கிணறு எல்லாம் பார்த்தாள். கிணற்றுக்கு மூடி போட வேண்டும், மற்றத் தாய்மார்களையும் விசாரிக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னாள். புறப்படும்போது சுஜியிடம், "பிள்ளை உங்ககிட்டயே இருக்கட்டும்னுதான் எழுதப்போறேன். தைரியமா வேலைக்குப் போங்க" என்றாள்.

ஜீப் இறங்கிப் போனதும் சுஜி அடக்கமாட்டாமல் அழுதாள். செல்லத்தாய்க்கும் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சேலையை உத்தரத்தில் வீசி முடிச்சுப் போட்டாள்.

"ஏட்டி, மணி ஏழரை. நின்னு மோங்காத, போய் நாலு மரமாவது வெட்டு."

இத்தனை நாளும் தூங்குகிற பிள்ளையைக் கிடத்திவிட்டு, வேலைக்குப் போவதை யார் பார்த்து என்ன சொல்வார்களோ என்று இருட்டோடு இருட்டாகப் பதுங்கிப் போனவள் சுஜி. இன்று நல்ல வெளிச்சத்தில், விழித்திருக்கிற மகளுக்கு முத்தம் கொடுத்து, "அம்ம வேலைக்குப் போயிட்டு வாறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.