பக்கத்து வீட்டுக்காரி வந்தால் லைன் போகிறது

அந்த வைஃபை பெட்டியின் சுவிட்சை நான் தொட்டதே இல்லை. ஆனாலும் பழி என் மேல்தான் வந்தது. சொன்னது வேறு யாருமில்லை, என் மகள்தான். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாச்சாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். அவளுக்கு ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை. வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரில் ஆட்டம் ஆடுவாள். தனியாக இல்லை. பினாங்கில் ஒருத்தி, ஜொகூரில் ரெண்டு பேர், இவள் என்று ஒரு குழு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "பின்னால வர்றான், அடி, அடி!" என்று கத்துவாள். முதல் தடவை கேட்டபோது நான் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே சில நாள் இன்டர்நெட் லைன் அறுந்துவிடும். கதவு படாரென்று திறக்கும்.

"மா, ரவுட்டர அடைச்சியா?"

"நான் ஏன் அடைக்கிறேன்?"

"உனக்குத்தான் நான் ஆடுறது பிடிக்காதே."

பிடிக்காதுதான். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. சுவிட்சை அடைத்துவிட்டு ஒளிந்துகொள்கிற புத்தி என் பரம்பரையில் யாருக்கும் கிடையாது.

அவளும் என்னென்னவோ செய்தாள். அடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் திறந்தாள். ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். வேறு பிளக்கில் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம போட்டிமா. அன்னைக்கும் நான் பாதியில காணாம போனா, வேற ஆளப் போட்டுக்குவாங்களாம்." அவள் கண் கலங்கியிருந்தது. அப்பா செத்தபோதுகூட எல்லார் எதிரிலும் அழாதவள். என் மகளை வேண்டாம் என்று சொல்ல அவர்கள் யார் என்று எனக்குக் கோபம் ஏறியது. அன்றிலிருந்துதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் லைன் கம்பெனி ஆள்மேல் சந்தேகம். அவர் வந்த அன்று லைன் தண்ணீர் மாதிரி ஓடியது. "ஓக்கேலா ஆன்ட்டி, ஒண்ணும் கெடல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வரும் அன்றைக்கு மட்டும் ஒழுங்காக ஓடுகிற லைனை எப்படி நம்புவது? திரும்ப வரவழைக்கத்தான் இந்த ஏற்பாடோ என்று நினைத்தேன்.

பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் பட்டாள்.

என்னிடம் பெரிய எவர்சில்வர் தாம்பாளங்கள் உண்டு. இந்தத் தாமானில் யார் வீட்டில் நிச்சயம், வளைகாப்பு என்றாலும் என் தாம்பாளத்தில்தான் சீர் போகும். கடையில் விற்கிறதெல்லாம் பழம் வைத்தாலே வளையும். பக்கத்து வீட்டுக்காரி சீர்வரிசை அலங்காரம் செய்து கொடுப்பவள். அவள்தான் எடுத்துப் போவாள், அவள்தான் கழுவித் துடைத்துக் கொண்டு வருவாள். எனக்கு முட்டி மடங்காது என்பதால் ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் அவளே நிறுத்தி வைப்பாள். அந்தத் தட்டிலேயே பின்னால் ஒரு மூலையில்தான் ரவுட்டர். ஹாலில் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று மகள் அங்கே வைத்திருந்தாள்.

எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது மறக்காது. அவள் வந்து போன நாளெல்லாம் லைன் அறுந்தது. சீர் வேலை என்று அவள் செர்காமுக்குப் போய்த் தன் அக்கா வீட்டில் தங்கினால் மகள் நிம்மதியாக ஆடினாள். கம்பெனி ஆள் வந்த அன்றும் அவள் செர்காமில்தான் இருந்தாள். வாய் அக்கா, அக்கா என்று கூப்பிடும், கை போனை விடாது. என்னிடம் ஒரு தரம் வைஃபை பாஸ்வேர்ட் கேட்டதும் ஞாபகம் வந்தது.

மகளிடம் சொன்னேன். "பாஸ்வேர்ட மாத்திட்டேன்மா, அவங்களால எடுக்க முடியாது" என்றாள்.

"அப்ப கண்ணு வெச்சிருக்கா."

"கண்ணு பட்டா வைஃபை போகுமா?"

"எதுவும் போகும்."

ஞாயிறு மத்தியானம் போட்டி ஆரம்பித்ததும் நான் நாற்காலியைத் தூக்கிக் கேட் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நினைத்த மாதிரியே பக்கத்து வீட்டுக்காரி தாம்பாளங்களைச் சுமந்துகொண்டு வந்தாள்.

"இங்கயே உக்காரு. காத்து நல்லா இருக்கு."

ஓர் இலைகூட அசையவில்லை.

"உள்ள வெச்சிட்டு வந்துடுறேன் அக்கா, கை வலிக்குது."

"மடியில வெச்சிக்க. உன் போன அந்த ஸ்டூல் மேல வை."

"என்ன அக்கா இது, உள்ள மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்திருக்காங்களா?"

"ஆமா, பினாங்குலேருந்து."

டீயை வெளியிலேயே கொடுத்தேன். வேர்க்க வேர்க்கக் குடித்தாள். நான் அவள் கையைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் உள்ளே இருந்து ஒரு சத்தம். மகள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சிட்டோம்மா! ஒரு தடவகூட அறுந்து போகல!" பார்த்தாயா என்று பக்கத்து வீட்டுக்காரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்ப போ உள்ள" என்றேன்.

அவள் போய் வழக்கம்போல ஒவ்வொன்றாக நிறுத்தி அடுக்கினாள். மகள் அறைக்குள் கூட்டாளிகளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசித் தாம்பாளம் உள்ளே போனதும், "ஹலோ? ஹலோ?" என்று கத்திக்கொண்டு மகள் வெளியே வந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரியின் போன் வாசலில் ஸ்டூல் மேலேயே கிடந்தது. அவள் வெறும் கையோடு நின்றாள்.

மகள் அலமாரியைப் பார்த்தாள். ரவுட்டருக்கு முன்னால் சுவர் எழுப்பின மாதிரி என் தாம்பாளங்கள். குனிந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையில் வைத்தாள். அறைக்குள் ஓடினாள். "வந்துருச்சி!"

திரும்பி வந்து, "இவ்ளோ பெரிய எவர்சில்வர் தட்டுக்குப் பின்னாடி இருந்தா எப்படிமா சிக்னல் வரும்?" என்றாள்.

"பெட்டிய அங்க வெச்சது யாரு?"

ரவுட்டரை எடுத்து அலமாரி உச்சியில் வைத்தாள். என்னைச் சந்தேகப்பட்டதற்கு ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றேன். கூட்டாளிகள் கூப்பிடுகிறார்கள் என்று போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அதுக்குத்தான் என்னய வெளிய ஒக்கார வெச்சீங்களா? நான் லைன் திருடினேனா அக்கா?"

"இன்னொரு டீ குடிக்கிறியா?"

"குடிக்கிறேன். இந்தத் தடவ சீனி போடுங்க. உள்ள ஒக்காந்துதான் குடிப்பேன்."

வாசலுக்குப் போய்ப் போனை எடுத்து வந்து, அந்தப் பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே போனைத் திறந்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. இருந்தாலும் அவள் குடித்து முடிக்கிறவரை நான் அங்கிருந்து நகரவில்லை.