மீதி எழுபத்தொன்று

என் அக்காவின் கல்யாணத்தை முடிவு செய்தது 999983 என்கிற எண். மானகிரியிலிருந்து காரைக்குடிக்குக் காலேஜ் போகும் பஸ்ஸில் கிடைத்த டிக்கெட்டின் எண் அது. அக்கா அப்போது பி.எஸ்.சி. கணிதம் கடைசி வருடம், நான் முதல் வருடம். டிக்கெட் எண்ணை வகுத்து உடைப்பதுதான் எங்கள் பஸ் விளையாட்டு. இப்போதும் டிக்கெட்டைக் கையில் வாங்கினால் மனசு தானாக வகுக்கத் தொடங்கிவிடும். போட்டிக்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

அந்த வாரம் காரைக்குடியிலிருந்து அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கோ சென்னையில் எம்.எஸ்.சி. படிக்க ஆசை.

"மாப்பிள்ளை வீட்டுல பதில் கேக்குறாக. கோயில்ல பூப்போட்டுப் பாத்துருவோம். வெள்ளைப் பூ வந்தா கல்யாணம், செவப்பு வந்தா படிப்பு" என்றார் அம்மா.

மறுநாள் பஸ்ஸில் அக்கா அந்த டிக்கெட்டை நீட்டினாள். "பூவுக்கு என்னடி தெரியும்? இந்த நம்பரைக் கேப்போம். ஒடைஞ்சா கல்யாணம், ஒடையலைன்னா சென்னை. நம்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது."

எண்ணுக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியும்.

ஆயிரத்துக்குள் பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. அத்தனையாலும் வகுத்து, ஒவ்வொன்றிலும் மீதி வந்தால் அந்த எண்ணை உடைக்கவே முடியாது. ஒன்று அவள், ஒன்று நான் என்று மடியில் நோட்டை வைத்து வகுத்தோம். "இன்னைக்கும் பரீட்சையாம்மா?" என்று கண்டக்டர் தினமும் கேட்பார். நூறு பகா எண்களைத் தாண்டியும் அது அசைந்து கொடுக்கவில்லை. அக்கா சென்னைக்குப் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன்? கல்யாணம் என்றால் காலேஜ் இருக்கிற காரைக்குடியிலேயே இருப்பாள்.

683 என் முறை. ஈவு 1464, மீதி 71. எழுபத்தொன்றை அழித்துவிட்டுச் சுழி போட்டேன்.

"ஒடைஞ்சிருச்சுக்கா!"

அக்கா நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூவெல்லாம் வேண்டாம், சம்மதம் என்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அவள் காரைக்குடிக்கு வாழப்போன பிறகு, மிச்சப் பகா எண்களை நான் தனியாக உட்கார்ந்து 997 வரை வகுத்து முடித்தேன். ஒன்றிலும் உடையவில்லை. அவள் சென்னைக்குப் போயிருக்க வேண்டியவள். பின்னாளில் தபாலிலேயே எம்.எஸ்.சி. முடித்தாள் என்றாலும் என் நெஞ்சில் அந்த முள் அப்படியே இருந்தது.

போன மாதம் அக்கா மகள் எம்.எஸ்.சி. படிக்கச் சென்னைக்குக் கிளம்பினாள். அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது எனக்குத் தாங்கவில்லை. 71-ஐ அழித்ததைச் சொல்லிவிட்டேன்.

அக்கா நின்று என்னைப் பார்த்தாள். "அடி கூறுகெட்டவளே, 1464 ரெட்டைப்படை. அதால பெருக்குனா ஒத்தைப்படை நம்பர் எப்படிடி வரும்? நோட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்க்கா சம்மதிச்ச?"

"எம்.எஸ்.சி.யைத் தபால்ல படிச்சுக்கிறலாம், படிச்சேன்ல? தங்கச்சியத் தபால்ல வாங்க முடியுமாடி?"

பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் அவள் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.