அத்தானுக்குக் கொடுத்த மூச்சு

நிலாவெளியில் நான் அறை துப்புரவாக்கும் ஹோட்டலில் முதலுதவி வகுப்பு வைத்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கட்டில் விரிப்புகள் குவிந்து கிடக்க, பொம்மையோடு விளையாட யாருக்கு நேரம்? பெரிய ஆளுக்கு இரண்டு கை, சிறுபிள்ளைக்கு ஒரு கை, கைக்குழந்தைக்கு இரண்டு விரல் என்று மூன்று பொம்மைகளில் நெஞ்சை அமுக்கிக் காட்டினார்கள். வாயில் வாய் வைத்து ஊதும் கட்டம் வந்ததும் பெண்களெல்லாம் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுச் சிரித்தோம். "கட்டின மனுசனுக்கே நான் இப்பிடிக் குடுக்கேல்லை" என்று ஒருத்தி சொல்ல, படிப்பித்தவரும் சிரித்துவிட்டார்.

சில கிழமைகள் கழித்து, கரைவலை இழுத்த ஒரு காலையில், நான் அத்தான் என்று சொல்லும் என் கணவரின் தமையன் கடலில் அகப்பட்டார். கல்லில் சிக்கிய வலையை எடுக்க மூழ்கியவரின் காலில் கயிறு சுற்றிவிட்டது. வேலைக்குப் போகிற வழியில் நானும் கரையில் நின்றேன். தூக்கி வந்தபோது அவருக்கு மூச்சில்லை. எங்கள் கரையில் வழமையாகச் செய்வதையே செய்தார்கள். கவிழ்த்த தோணியின் மேல் குப்புறப் போட்டு, தண்ணீர் வெளியே வரட்டும் என்று முதுகை அமுக்கினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தண்ணி கிடக்கட்டும், மூச்சுத்தான் வேணும். இறக்குங்கோ" என்று கத்தினேன். ஆம்பிளைகளை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை என்றால் பொய். ஆனால் அன்றைக்குக் கேட்டார்கள். என் கணவர் அம்புலன்சுக்கு ஃபோன் எடுத்தார்.

இறுகிய ஈர மணலில் மல்லாக்கக் கிடத்தி, அத்தானின் தலையைப் பின்னுக்குச் சரித்து, வாய்க்குக் கீழே நாடியைப் பிடித்து உயர்த்தினேன். தண்ணீரில் மூழ்கியவருக்கு முதலில் ஊத வேண்டும். அங்கேதான் நின்றுவிட்டேன். அவர் இருக்கும் இடத்தில் நான் கதிரையில்கூட உட்கார்ந்ததில்லை; முகம் பார்த்துக் கதைத்ததில்லை. சுற்றிவர ஊரே நிற்கிறது. வெட்கத்தால் இந்த மனிதரைச் சாகவிடப் போகிறேனே.

பக்கத்தில் அவருடைய மனைவி முழந்தாளில் இருந்தார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் பிடரியைப் பிடித்துக் கீழே அமத்தினார்.

"ஊது பிள்ளை."

மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதினேன். நெஞ்சு எழும்பியது. பிறகு நடுநெஞ்சில் இரண்டு கையும் வைத்து முப்பது அமுக்கல், இரண்டு மூச்சு, திரும்பவும் அமுக்கல். இனி ஏலாது என்று தோள் விட்டுப்போன நேரத்தில் அவர் இருமி, வாந்தி எடுத்தார். பக்கவாட்டில் சரித்துப் பிடித்தோம். அம்புலன்ஸ் வந்து பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது.

அத்தான் சுகமாகி வீட்டுக்கு வந்தார். ஆனால் என்னைக் கண்டால் எழும்பி வீட்டு வளவின் பின்பக்கம் போய்விடுவார். பிழைத்த மனிதர் ஒளிக்கிறாரே என்று எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். ஊர்க்கதைதான் சிரிக்கக்கூடியதாக இல்லை. ஒருநாள் நானும் அக்காவும் சாமான் வாங்கப் போனபோது, "புருசன்ர தமையன்ர வாயில வாய் வைச்சவள்" என்று கடைக்காரி எங்கள் காதுபடவே சொன்னாள். நான் வாயைத் திறக்க முதல் அக்கா முந்திக்கொண்டார்.

"ஓம், வைச்சவள்தான். தலையைப் பிடிச்சு அமத்தினது நான். மனுசன் வீட்டில சோத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறார். சாமானைத் தாங்கோ."