இருபத்தேழாம் வீட்டில் எத்தனை பேர்

தெருவில் எல்லாக் கதவுகளிலும் சாக்பீஸ் எண் விழுந்துவிட்டது. இருபத்தேழாம் வீட்டுக் கதவு மட்டும் பாக்கி. அது டீச்சரின் சொந்த வீடு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைத்தான் அனுப்பினார்கள். "உங்க ஒண்ணாம் வகுப்புல ஒம்பதே பிள்ளைங்க. உங்களுக்குத்தானே நேரம் இருக்கு" என்றார் தலைமையாசிரியர். அப்போது சிரித்துக்கொண்டாள். பத்து நாள் படியேறி இறங்கிய பிறகு சிரிப்பு வரவில்லை.

பத்து வருடத்துக்கு முன் இதே தெருவை எண்ணியவளும் அவள்தான். நாற்பது வீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இப்போதும் வீடுகள் நாற்பதுதான். நாலைந்தில் மாடிகூட ஏறியிருக்கிறது. ஆட்கள் நூற்று முப்பதைத் தாண்டவில்லை. எழுபது கடந்தவர்களின் கட்டத்தில் இடம் போதாமல் எழுத்தைக் குறுக்கினாள். ஐந்து வயதுக்குக் கீழே என்ற கட்டத்தில் பேனாவுக்கு வேலையே இல்லை.

விதி ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில் இல்லாதவர், அடுத்த ஆறு மாதத்துக்குள் திரும்புவார் என்றால் எழுதலாம். இல்லையென்றால் பேரை அடித்துவிட வேண்டும். தையல்காரர், வெளியூர் போய்விட்ட தன் மகளுக்காக மல்லுக்கு நின்றார்.

"அவ கட்டில் உள்ளயேதான் இருக்கு டீச்சர். யாரையும் அதுல படுக்க விடல."

"கட்டிலை எழுதக் கட்டம் இல்லையேண்ணே."

தமாஷாகத்தான் சொன்னாள். அவர் முகம் அப்படியே இருந்தது. கோடு இழுத்தாள்.

இன்று நாலு மணிக்கு மேற்பார்வையாளர் படிவங்களை வாங்க வருகிறார். காலையில் பால் வாங்கப் போனபோது தையல்காரர் கடைக்குள்ளிருந்தே குரல் விட்டார்.

"என்ன டீச்சர், உங்க கதவுல நம்பரக் காணோம்? நீங்க இந்தத் தெரு இல்லையா?"

"கடைசியா எழுதலாம்னு வச்சிருக்கேண்ணே."

"எழுதுங்க, எழுதுங்க. எத்தனை பேருன்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

மகன் வெளிநாடு போய் ஏழு மாதம். ஒரு வருட வேலை என்றுதான் போனான். அந்தக் கணக்குப்படி இன்னும் ஐந்தே மாதம், தாராளமாக எழுதலாம். ஆனால் கொஞ்ச நாளாக ஃபோனில் அவன் "நான் ஊருக்கு வரும்போது" என்று சொல்வதில்லை. "நீங்க இங்க வந்தா" என்கிறான். காதில் விழுந்தும் விழாததுபோல் இருந்துவிட்டாள். கேட்டால்தானே பதில் வரும்.

பஸ் கண்டக்டரான கணவர் மத்தியானம் சாப்பிட வந்தார். விரித்து வைத்த படிவத்தை எட்டிப் பார்த்தார்.

"மூணுன்னு போட வேண்டியதுதானே. இதுல என்ன ஆராய்ச்சி?"

"அவனைக் கேக்காம எப்படிங்க போடறது?"

"முப்பது வருஷமா நானும் தலை எண்ணுறேன் டீச்சரம்மா. சீட்டுல பை இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம்."

"பைய விட்டுட்டு எறங்கிட்டா?"

அவர் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினார். அதற்குப் பிறகு டியூட்டிக்கும் கிளம்பாமல் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்கு அவள் எண்ணை அழுத்தினாள்.

"என்னம்மா இந்த நேரத்துல? அப்பாவுக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லடா. கணக்கெடுப்பு. ஒரு கேள்வி கேக்கணும்."

"என்னையுமா? கேளுங்க ஆபீசரம்மா."

முப்பத்தொன்பது வீட்டில் தடங்கலில்லாமல் வந்த கேள்வி. இப்போது மனப்பாடம் மறந்தது போலிருந்தது. படிவத்தைப் பார்த்தே வாசித்தாள்.

"அடுத்த ஆறு மாதத்துக்குள் வீடு திரும்பும் எண்ணம் உண்டா?"

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"சும்மா எழுதிக்கோம்மா. யாரு வந்து பாக்கப் போறா?"

"தையல்கார மாமா பொண்ணு பேரை அடிச்சிருக்கேன்டா. உன்ன மட்டும் எப்படி சும்மா எழுதறது?"

"இன்னும் மூணு வருஷம் நீட்டிட்டாங்கம்மா. போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சரி."

"கோவமா?"

"இல்லடா. உண்டா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும். நீ வேலையப் பாரு."

ஃபோனை வைத்தாள். கண்டக்டர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் இரண்டு என்று எழுதினாள். எண் கோணலாக விழுந்ததால் அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினாள்.

மேற்பார்வையாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நின்றவாக்கில் தாள்களைப் புரட்டியவர் கடைசித் தாளில் நிறுத்தினார்.

"இருபத்தேழுல ரெண்டு பேர்தானா? போன தடவை மூணு காட்டுதே. ஆள் விட்டுப்போச்சான்னு ஒரு தடவை பாத்துடுங்க டீச்சர்."

அவள் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் முந்திக்கொண்டார்.

"சரியாத்தான் இருக்கு சார். நான் பாத்துட்டேன்."